நடுத்தரத்தில் கடைசி

பொன்னேரியில் எங்கள் தெருவில் யார் ஏழை, யார் நடுத்தரம், யார் பெரிய மனிதர் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டாள். ஆனால் அவள் சொன்ன தீர்ப்பை யாரும் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. ஏழை என்று அவள் வாயால் சொல்லப்பட்டவர்கள்கூட, முகம் வாடினாலும், ஒப்புக்கொண்டுதான் போனார்கள்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவள் மகள் நன்றாக இருக்கிறாள், இருக்கட்டும். நாங்கள் பெரிம்மா என்று கூப்பிடுவோம். உறவு ஒன்றும் கிடையாது. ஒரே ஓட்டுக் கூரையின் கீழே மூன்று குடித்தனம் இருந்த வீட்டில், நடுக் குடித்தனம் நாங்கள், கிணற்றுப் பக்கத்துக் குடித்தனம் அவர்கள். நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் எழும்பாது. அங்கே தும்மினால் இங்கே கேட்கும். 'அவர்' என்று மரியாதையாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதிப் பார்த்தேன், கை ஒத்துழைக்கவில்லை. அடித்துவிட்டு 'அவள்' என்றே போட்டிருக்கிறேன்.

ஒல்லியான உடம்பு. எந்த நேரமும் கஞ்சி போட்ட புடவை. கிணற்றில் தண்ணீர் சேந்தும்போதுகூடக் கொசுவம் கலையாது. ஸ்டேஷனுக்குப் போகிற வழி எங்கள் தெரு. காலை ரயிலுக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே, கயிற்றைக் கையில் பிடித்தபடி, அவள் கணக்குச் சொல்வாள்.

"அதோ போறாரு பாரு, கோர்ட்டு குமாஸ்தா. எம்பது ரூபா. நடுத்தரம். பின்னால கொட வெச்சிக்கினு வராரே, அவுரு நாப்பத்தஞ்சுதான். ஆனா ஊட்ல தம்பியும் சம்பாரிக்கிறாரு. அதனால அவுங்களும் நடுத்தரம்."

"நாப்பத்தஞ்சுன்னு உனக்கு எப்படித் தெரியும் பெரிம்மா?"

"செருப்ப பாரு. ரெண்டு தடவ வாரு மாத்திக்கீறாரு."

ஐம்பதுக்குக் கீழே கூலிக்காரன். ஐம்பதிலிருந்து நூற்றைம்பது வரைக்கும் நடுத்தரம். அதற்கு மேலே பெரிய இடம். இதுதான் அவளுடைய சட்டம். இந்த ஐம்பதையும் நூற்றைம்பதையும் எங்கிருந்து பிடித்தாள் என்று யாருக்கும் தெரியாது. கெஜட்டில் வந்ததைப் படிப்பதுபோலத்தான் சொல்வாள். சட்டத்துக்குள் உட்சட்டங்களும் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குகிறவன் எவ்வளவு வாங்கினாலும் கூலிதான். மாதத்துக்கு ஒருமுறை வாங்குகிறவன் கொஞ்சம் குறைவாக வாங்கினாலும் நடுத்தரத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

என் நைனா தையற்காரர். பழவேற்காட்டிலிருந்து வந்து பொன்னேரியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பாயின் கடை வாசலில் மிஷின் போட்டிருந்தார். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. வாரமும் இல்லை, மாதமும் இல்லை. இது பெரிம்மாவின் சட்டத்துக்குள் எங்கேயும் அடங்கவில்லை. அதனால் நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் மாதம் முழுக்க எந்த வர்க்கமும் இல்லாமல்தான் இருந்தோம். அம்மா அதற்காக உள்ளுக்குள் நிறையவே தவித்திருக்கிறாள் என்று இப்போது புரிகிறது.

ஒருநாள் பெரிம்மாவே வந்து உட்கார்ந்தாள். தீபாவளி மாதத்தில் எவ்வளவு வரும், ஆடியில் எவ்வளவு வரும், கல்யாண சீசனில் எவ்வளவு என்று அம்மாவைக் கேட்டாள். விரலை மடக்கினாள், நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் ரிசல்ட்டுக்கு நிற்பதுபோல அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"கூட்டிக் கழிச்சா மாசம் அம்பத்தஞ்சு தேறுது. போ, நடுத்தரத்துல கடைசி."

"கடைசியாக்கா?"

"கடைசின்னா இன்னா? நடுத்தரம் நடுத்தரந்தான்."

அன்றைக்கு அம்மா மத்தியானமே முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள். நைனா வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, "அதுக்கு எதனா டப்பு குடுப்பாங்களா?" என்று கேட்டார். அம்மா அவரோடு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பேசவில்லை.

நடுத்தரம் ஆகிவிட்டால் போதாது, அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவளுடைய அடுத்த பாடம். கிழியாத புடவையை வெளியே கொடியில் உலர்த்த வேண்டும், கிழிந்ததை உள்ளே. கேழ்வரகுக் கூழ் காய்ச்சினால் பானையை மூடித்தான் வைக்க வேண்டும். சாப்பிடுகிற நேரத்தில் யாராவது வந்துவிட்டால், "இப்பத்தான் சாப்பிட்டு எழுந்தோம்" என்று சொல்லிக் கையைக் கழுவிவிட வேண்டும். இதை எல்லாம் அம்மா வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அந்தப் பாடத்தால் எத்தனையோ நாள் நான் அரைவயிற்றோடு கை கழுவியிருக்கிறேன்.

அவர்கள் வீட்டில் எங்கள் யார் வீட்டிலும் இல்லாத மூன்று சாமான்கள் இருந்தன. கை வைத்த தேக்கு நாற்காலி ஒன்று. மணி அடிக்கும் சுவர்க் கடிகாரம் ஒன்று. எவர்சில்வர் டம்ளர் ஆறு. அவள் புருஷன் ரைஸ் மில்களுக்கு நெல் பிடித்துக் கொடுக்கும் தரகர். ஏதோ ஒரு நல்ல போகத்தில் கையில் பணம் புரண்டபோது வாங்கியவை அவை. எவர்சில்வர் என்பது அப்போதுதான் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. அந்த டம்ளரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி எங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்வோம்.

அவளைத் திணற அடித்தவள் ஒருத்திதான். பழவேற்காட்டிலிருந்து மீன்கூடை தூக்கிக்கொண்டு வரும் ஒரு அம்மா. ஒருநாள் பேச்சுவாக்கில் அந்த அம்மாவின் வியாபாரத்தை இவள் விசாரித்து, விரல் மடக்கி, மாதத்துக்கு நூற்றிருபது என்று கண்டுபிடித்துவிட்டாள். தெருவிலேயே அதுதான் அதிகம். மூன்று நாள் பெரிம்மா யாரோடும் சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் கிணற்றடியில் தீர்ப்பு வந்தது.

"வரும்படின்றது கைக்கு வர்றது இல்ல. அடுத்தவன் கண்ணுக்குத் தெரியிறது. அந்தம்மா கூடைய எறக்கி வெச்சா யாரு கண்ணுக்கு நூத்திருபது தெரியுது? மீன்தான் தெரியுது. அதனால கூலி."

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அவளை நாங்கள் எவ்வளவு நம்பினோம் என்பதற்கு இதைவிட என்ன சொல்வது?

நம்பினோம் என்பதுகூடப் போதாது. எனக்கு அவள்மேல் உயிர். தம்பி பிறந்தபோது அம்மா படுத்த படுக்கையாக இருந்த பதினைந்து நாளும் எங்கள் எல்லோருக்கும் அவள்தான் வடித்துக் கொட்டினாள். அம்மாவுக்குத் தலை வாரத் தெரியாது, பிடித்து இழுத்து வலிக்க வைப்பாள். பெரிம்மாவின் கை மெத்தென்று இருக்கும். அவள் மகளும் நானும் ஒரே வகுப்பு. சுலோச்சனா என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப்பேர் அதில்லை. இரண்டு பேரையும் முன்னும் பின்னுமாக உட்கார வைத்து அவளுக்கு ஒரு பின்னல், எனக்கு ஒரு பின்னல் என்று போட்டுவிடுவாள். பரீட்சைப் பேப்பர் வந்தால் நான் முதலில் காட்டுவது அவளிடம்தான். "கணக்குல எவ்ளோ கண்ணு?" என்று கேட்பாள். நான் சொன்னதும் சுலோச்சனாவின் பேப்பரை வாங்கிப் பார்ப்பாள். பிறகு இரண்டையும் மடித்து அவரவர் கையில் கொடுப்பாள். என் மார்க் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

மூன்றாவது பாரம், அதாவது இப்போதைய எட்டாம் வகுப்பு, முடிகிற சமயத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு அறிவிப்புப் படித்தார்கள். ஊரில் ரைஸ் மில் வைத்திருந்த ஒரு முதலாளி, காலமான தன் தாயார் பேரில் ஒரு தர்மம் ஏற்படுத்தியிருக்கிறார். நடுத்தரக் குடும்பத்தைச் சேர்ந்த, வசதி குறைந்த ஒரு பெண்ணுக்கு நாலாவது பாரத்திலிருந்து ஆறாவது பாரம் வரைக்கும் பள்ளிச் சம்பளம், புத்தகம், நோட்டு எல்லாம் அவர் பொறுப்பு. ஒரே ஒரு பெண். மில் மானேஜர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வார்.

எனக்கு அது வாழ்வா சாவா என்கிற விஷயம். நாலாவது பாரத்துக்குச் சம்பளம் கட்ட முடியாது என்று நைனா முன்பே சொல்லிவிட்டார். திட்டிச் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதனால் அடம்பிடிக்கவும் வழியில்லை. அறிவிப்பைக் கேட்ட அன்றே நான் பேர் கொடுத்துவிட்டு, நேராகப் பெரிம்மா வீட்டுக்குத்தான் ஓடினேன்.

"நல்ல காரியம் பண்ண," என்றாள்.

"சுலோச்சனாவும் குடுக்கட்டுமே பெரிம்மா."

"எங்களுக்கு இன்னாத்துக்குத் தர்மம்? எங்கூட்டுக்காரரு பாத்துக்குவாரு. நீ வாங்கிக்க கண்ணு."

அப்படிச் சொல்லிவிட்டு என் கன்னத்தை வழித்துச் சொடுக்குப் போட்டாள். அந்தச் சொடுக்குச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் அம்மாவிடம் வந்து விளக்கமாகச் சொன்னாள். "நடுத்தரக் குடும்பம்னு போட்டுக்கீறாங்க இல்ல? ஏழைன்னு போடல. அத கவனி. பஞ்சப்பாட்டு பாடுற ஊட்டுல பொண்ண பாதியில நிறுத்திக் கட்டிக் குடுத்துடுவாங்கன்னு அவுங்களுக்குத் தெரியும். ஊடு கௌரவமா இருந்தாத்தான் மூணு வருஷம் நின்னு படிக்கும்னு நம்பிக் குடுப்பாங்க."

"எங்கூட்ல இன்னா கீது கௌரவமா காட்றதுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"ஏன், எங்கூட்ல இல்ல? நாற்காலி, கடியாரம், டம்ளரு எல்லாம் எடுத்துக்கினு போ. ஒருநாள்தானே. வரும்படி எவ்ளோன்னு கேட்டா எம்பதுன்னு சொல்லு. கரெக்டா நடுவுல விழும்."

நைனா இதைக் கடையில் சொல்லியிருக்கிறார். ஜவுளிக்கடை பாய் கத்திரிக்கோலை வைத்துவிட்டு, "வேணாம் தம்பி. உள்ளத உள்ளபடி காட்டுங்க. கேக்குற எடத்துல வெறுங்கையாத்தான் நிக்கணும்" என்றாராம். நைனா அதை வீட்டில் வந்து சொன்னார். பாய்க்கு என்ன, கடை வைத்திருக்கிறார், அவர் எப்படி நின்றாலும் நாலு பேர் மதிப்பார்கள் என்று அம்மா வெடித்தாள். நானும் சும்மா இருக்கவில்லை. "பெரிம்மாவுக்குத்தான் நைனா இதெல்லாம் தெரியும்" என்று நானும் பேசினேன். சனிக்கிழமை காலையில் அந்தத் தேக்கு நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது நான்தான். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

மூன்றரை மணிக்கு மானேஜர் வந்தார். வெள்ளை ஜிப்பா, மடித்த குடை, கையில் ஒரு நோட்டு. நைனா கடைக்குப் போயிருந்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். நான் எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வீட்டில் காப்பி போட்டது அன்றைக்குத்தான் மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ.

"மாசம் வரும்படி என்னம்மா வரும்?"

"நூறு வரும்ங்க," என்றாள் அம்மா.

பெரிம்மா எண்பதுதான் சொல்லிக்கொடுத்திருந்தாள். அம்மா தன் சொந்தப் பொறுப்பில் இருபது சேர்த்துக்கொண்டாள்.

மானேஜர் நோட்டில் எழுதிக்கொண்டார். நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்து, "நல்ல வேலைப்பாடு. எங்க வாங்கினீங்க?" என்றார்.

"மெட்ராஸ்லங்க."

"பேஷ். வீட்டை நல்லா வெச்சிருக்கீங்க. சந்தோஷம்."

அவர் சந்தோஷம் என்றதும் எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. நாலாவது பாரத்தின் இங்கிலீஷ் புத்தகம் என் கைக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் எழுந்து வெளியே வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு, நோட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"சுலோச்சனா வீடு எதும்மா? பக்கத்துலன்னு போட்டிருக்கு."

நான் கையைக் காட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் அங்கே போனதும், தண்ணீர் சேந்துகிற சாக்கில் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அவர்கள் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. நாற்காலி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பெரிம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். கஞ்சி போட்ட புடவையைக் காணோம், எப்போதும் உள்கொடியில் கிடக்கும் கிழிசலைக் கட்டியிருந்தாள். அவள் முன்னால் கூழ்ப்பானை. மூடி இல்லை.

மூடியை ஒருபக்கம் சாய்த்து வைத்திருந்தாள், வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி.

குடத்தைக் கிணற்றடியிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அம்மா சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெரிம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "உக்காரச் சொல்ல எங்கூட்ல ஒண்ணும் இல்லீங்க. கோச்சிக்காதீங்க. பாயிதான்."

"சுவத்துல ஏதோ மாட்டியிருந்த தடம் தெரியுதே?"

"கடியாரங்க. வித்துட்டோம். பொண்ணு புஸ்தகத்துக்கு."

அப்போது எங்கள் சுவரில் இருந்த அந்தக் கடிகாரம் நாலு மணி அடித்தது. நாலும் அடித்து முடிகிறவரைக்கும் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் மானேஜர், "பக்கத்து வீட்ல நல்லா இருக்காங்க போலிருக்கு" என்றார். "அவுங்களுக்கு இன்னாங்க," என்றாள் பெரிம்மா.

நான் வாசலுக்குப் பாய்ந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வுடும்மா. அவுரு போறதுக்குள்ள சொல்லிட்டு வரேன்."

"இன்னான்னு சொல்லுவ? நாற்காலி எரவல்னா? டம்ளரு எரவல்னா? நான் நூறுன்னு சொன்னது பொய்யின்னா?"

"ஆமா, அதெல்லாந்தான்."

"அதுக்கு நான் கெணத்துல வுழுந்துடுவேன்."

அம்மா அழவில்லை, கத்தவும் இல்லை. ரகசியம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். பிடியை மட்டும் விடவில்லை. மானேஜரின் செருப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது, பிறகு கேட்கவில்லை. அப்புறம்தான் கையை விட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் பெரிம்மா வந்தாள். மறுபடியும் கஞ்சி போட்ட புடவை. "நல்லா நடந்துதா?" என்று கேட்டாள். "நடந்துதுக்கா," என்று அம்மா சொன்னாள். டம்ளர்களைக் கழுவித் துடைத்து ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்தாள். நாற்காலியைப் பெரிம்மாவே தூக்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை கேட்க அம்மாவுக்கு வாய் வரவில்லை. கேட்டால் சுவரில் காது வைத்துக் கேட்டோம் என்று ஆகிவிடுமாம். நடுத்தரக் குடும்பம் அதைச் செய்யாதாம். இதைப் பிறகு அம்மாவே என்னிடம் சொன்னாள், தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

சுலோச்சனாவுக்குக் கிடைத்தது. என் பேருக்கு நேராக 'வசதியான குடும்பம்' என்று எழுதியிருந்ததாகத் தலைமையாசிரியர் சொன்னார். நைனா ஒருநாள் வேலையை விட்டுவிட்டு மில்லுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறார். "அன்னிக்கு நூறுன்னீங்க. இன்னிக்கு அம்பத்தஞ்சுங்கறீங்க. எதைத்தான் நம்புறது?" என்று மானேஜர் கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது நான் நைனாவுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பொத்தானுக்கு ஓட்டை வெட்டி அதன் ஓரத்தைச் சுற்றித் தைக்கிற வேலை. கண்ணுக்குத்தான் கேடு. சுலோச்சனா முதல் வாரம் முழுக்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள். தன் புத்தகத்தைப் படித்துக்கொள் என்று கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பேரைக்கூட அவள் அம்மாதான் போய்க் கொடுத்திருந்தாள். மானேஜர் வந்த அந்தச் சனிக்கிழமை அவளை அவள் அப்பாவோடு திருப்பாச்சூர் கோயிலுக்கு அனுப்பி வைத்திருந்தாள் பெரிம்மா.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பெரிம்மாவை நான் முழுசாக வெறுக்கவில்லை. அவள் கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்பை முதல் மாதம் தொடவில்லை, இரண்டாம் மாதம் தொட்டேன். என் மனசுக்குள்ளேயே அவளுக்காக நான் வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருந்தேன். புருஷன் கட்டாயப்படுத்திக் கடைசி நேரத்தில் பேர் கொடுக்க வைத்திருப்பான். நம் வீட்டுக்குச் சாமான் கொடுத்ததனால் அவள் வீடு தானாகக் காலியாகிவிட்டது, அதற்கு அவள் என்ன செய்வாள்? வந்தவர் கேட்கும்போது வாயில் வந்ததைச் சொல்லியிருப்பாள். மூடியில்லாத கூழ்ப்பானைக்கு மட்டும் என் வக்கீலிடம் வாதம் இல்லை. அதை நான் கேஸிலேயே சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

இப்படியே ஆறு வருஷம் ஓடியது. சுலோச்சனா ஆறாவது பாரம் முடித்து, டிரெயினிங் முடித்து, திருப்பாச்சூருக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வேலைக்கு ஆர்டர் வாங்கிவிட்டாள். நைனாவுக்குப் பார்வை மங்கிவிட்டதால் மிஷினை வீட்டுக்கே கொண்டுவந்து, பெண்களுக்கான ரவிக்கையெல்லாம் நான்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு காலை நேரத்தில் பெரிம்மா புதுத் துணியோடு வந்தாள்.

"மொத நாளு வேலைக்குப் போறா. ரெண்டு ரவிக்கை. நீதான் தெக்கணும்னு சொல்றா. பின்னாடி வரா, அளவு எடுத்துக்க."

துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அன்றைக்கு எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"பெரிம்மா, அன்னிக்கு நீ தெரிஞ்சேதான் செஞ்சியா?"

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"ஆமா," என்றாள்.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலையைக் குனியவில்லை.

"கூழு நெசம். அதுக்கு முன்ன ஒரு வருஷமா எங்கூட்ல அதான். தரகு படுத்துப்போச்சி. அவுருக்கு மாசம் முப்பது வந்தா பெருசு. நாற்காலியும் கடியாரமுந்தான் மிச்சம்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே. நாங்க இன்னா வெளிய போயி சொல்லவா போறோம்?"

"சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்? ரெண்டு ஊட்லயும் கூழுதான். அப்பறம் மார்க்கத்தான் பாப்பாங்க. உனுக்குத்தான் மார்க்கு ஜாஸ்தி."

அவ்வளவுதான் சொன்னாள். மன்னிப்பு என்றோ, தப்பு என்றோ ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் போகிறவர்களைப் பற்றிச் சொல்கிற அதே குரல். ஆறு வருஷம் நான் வாதாடிய கேஸ் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோனது. இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது கண்ணு என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். சந்தோஷமாகவே நம்பியிருப்பேன். அந்தப் பொய்யைக்கூட எனக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. படிப்பு போனதைவிட அன்றைக்குத்தான் எனக்கு அதிகம் வலித்தது. என் பரீட்சைப் பேப்பரை அவள் வாங்கிப் பார்த்ததெல்லாம் எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. சுலோச்சனா வந்துவிட்டாள். கையில் புதுக் குடை, முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. "இன்னும் அளவு எடுக்கலியா? அம்மா உன்னப் புடிச்சிக்கினு கத பேசுதா?" என்றாள்.

அப்போது பெரிம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். மகளிடம் சொல்லிவிடுவேனோ என்கிற பயம். கை முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தப் பெண் அந்தக் குடையைக் கீழே போட்டுவிடுவாள், அதற்குப் பிறகு தன் அம்மா முகத்தில் விழிக்க மாட்டாள். சுலோச்சனாவை எனக்குத் தெரியும்.

நான் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் படிப்பைப் பறிகொடுத்தவளாக, ஏமாந்தவளாக, படித்து முடித்த அவள் முன்னால் நிற்க எனக்கு அவமானமாக இருந்தது. அம்மா அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாளே என்று ஆறு வருஷம் அவளைத் திட்டினேன். என் வாயும் திறக்கவில்லை.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்ச் சுலோச்சனாவின் எதிரில் நின்றேன்.

"கையத் தூக்குங்க டீச்சர்," என்றேன்.

சுலோச்சனா சிரித்துவிட்டாள். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, சிரித்தபடியே இரண்டு கையையும் தூக்கினாள். அவள் அம்மா சிரிக்கவில்லை.